கார்பன் ராடு பழுதானால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

கார்பன் இழையால் செய்த மீன்பிடி ராடு (தூண்டில் கோல்) உடைந்தால் வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "மீன் ஒன்றும் பெரிசில்லை, படக்கென்று போய்விட்டது." அதற்கு அடுத்த வரி, "மட்டமான கார்பன்" என்பது. மட்டமான ராடுகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் எங்கே உடைந்தது, எப்படி உடைந்தது என்று பார்க்காமல் அந்த முடிவுக்கு வர முடியாது. எஃகு மடங்கி எச்சரிக்கும். கார்பன் அப்படியில்லை, தாங்கும் எல்லைவரை சீராக வளைந்துகொடுத்து, எல்லை தாண்டிய கணத்தில் முறியும். தடயமெல்லாம் முறிந்த துண்டில்தான் இருக்கும், அதனால் துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். சிம்பு கலையாமல் காகிதத்தில் சுற்றி வையுங்கள்.

டன் எண்ணை எப்படிப் படிப்பது

ராடில் 24 டன், 30 டன், 40 டன் என்று எழுதியிருப்பது இழையின் விறைப்பு, அதாவது மாடுலஸ். 24 டன் என்பது சுமார் 235 கிகாபாஸ்கல், 40 டன் என்பது சுமார் 390. இந்த எண் வலிமையைச் சொல்வதில்லை. டோரே நிறுவனத்தின் டி300, டி700 என்ற இரண்டு இழைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டின் விறைப்பும் 230 கிகாபாஸ்கல். இழுவலிமையோ முதலாவதில் 3,530 மெகாபாஸ்கல், இரண்டாவதில் 4,900. டன் கணக்கில் இரண்டும் ஒரே வகுப்பு. தாங்கும் சக்தியில் வெவ்வேறு.

ராடு பிழைப்பதும் முறிவதும் இன்னொரு எண்ணைப் பொறுத்தது: அறுவதற்கு முன் இழை எவ்வளவு நீளும் என்பது. டி300 1.5 சதவீதம் நீளும், டி700 2.1. விறைப்பு கூடிய எம்40ஜே 1.2, எம்46ஜே 1.0 சதவீதம்தான். கண்ணாடி இழை 4 சதவீதத்துக்கு மேல் நீளும். பழைய கண்ணாடி ராடுகள் எத்தனை முரட்டுத்தனத்தையும் பொறுத்துக்கொண்டது அதனால்தான். இவையெல்லாம் இழுவைக்கான எண்கள். அமுக்கத்தில் கார்பன் இழை இன்னும் சீக்கிரமே நெளிந்து தோற்கும், அதுவும் விறைப்பு கூடிய இழை முதலில் தோற்கும்.

இந்த எண்ணை ராடோடு சேர்த்துப் பார்க்க ஒரு சின்னக் கணக்கு போதும். வளைந்த குழலின் வெளிப்பரப்பில் ஏற்படும் நீட்சி, குழலின் ஆரத்தை வளைவின் ஆரத்தால் வகுத்தால் வரும். 10 மி.மீ. தடிமனுள்ள இடம் 500 மி.மீ. ஆர வட்டமாக வளைந்தால் 5-ஐ 500-ஆல் வகுக்க 1 சதவீதம். 2 மி.மீ. நுனி அதே 1 சதவீதத்தை எட்ட 100 மி.மீ. ஆரம்வரை வளைய வேண்டும். நுனியைக் கையால் 50 மி.மீ. ஆரத்துக்கு மடக்கிக் காட்டினால் 2 சதவீதம். கடையில் ராடை எடுத்து நுனியைப் பிடித்து மடக்கிப் பார்க்கும் பழக்கத்தால் எத்தனையோ நல்ல நுனிகள் அங்கேயே பாதி செத்துவிடுகின்றன.

விறைப்பான இழை என்றால் குறைந்த இழையிலேயே ராடுக்கு அதே விறைப்பு கிடைக்கும். ராடு இலேசாகும், குழலின் சுவரும் மெல்லியதாகும். மெல்லிய சுவர் அடிபட்டால் தாங்காது. 40 டன் ராடு வாங்குகிறவர் பணத்தோடு கவனத்தையும் செலவழிக்க ஒத்துக்கொண்டுதான் வாங்குகிறார்.

ராடில் காணும் ஐஎம்6, ஐஎம்8 போன்ற பெயர்கள் ஹெக்ஸெல் நிறுவனத்தின் இழைகளுக்கு உரியவை. எல்லோருக்கும் பொதுவான தர அளவு அல்ல. இரண்டு நிறுவனங்களின் ராடுகளை அந்தப் பெயரை வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை.

ராடு கையில் ரீங்கரிக்கிறது, சுரீரென்று இழுக்கிறது

மற்ற எதையும்விட முதலில் இதைச் சொல்ல வேண்டும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். இடிமேகம் நெருங்கும்போது ராடிலிருந்து மெல்லிய ரீங்காரம் கேட்டாலோ, கையில் கூச்சம் தெரிந்தாலோ, வீசிய நரம்பு (தூண்டில் நூல்) கீழே இறங்காமல் காற்றில் மிதந்தாலோ ராடைக் கீழே போட்டுவிட்டு விலகிப் போங்கள். நரம்பு சுற்றும் ரீலைச் சுற்றி முடிக்கக்கூட நிற்க வேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே திரும்பி வரலாம். மேலே மின்கம்பி போகும் இடத்தில் நீளமான ராடை நிமிர்த்திப் பிடிக்கவே கூடாது. உயர் அழுத்தக் கம்பியைத் தொடாமலே, பக்கத்தில் போனாலே மின்சாரம் தாவும்.

நுனியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் முறிந்தது

இங்கே மீன் காரணமாக இருப்பது அபூர்வம். பார்க்க வேண்டியவை:

ஸ்விவலோ (நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் இணைப்பு) ஈயக்குண்டோ நுனி வளையத்தில் மோதும்வரை ரீலைச் சுற்றியிருக்கலாம். நரம்பு நுனியில் ஒரு சுற்று சிக்கியிருப்பதைக் கவனிக்காமல் வீசியிருக்கலாம்; வீச்சின் முழு விசையும் 2 மி.மீ. குழலில் இறங்கிவிடும். வாகனக் கதவு, மின்விசிறி, வாசல் நிலை ஆகியவை பட்டிருக்கலாம். ராடை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, கைடு (ராடில் நரம்பு ஓடும் வளையம்) வழியாக வரும் நரம்பை மறு கையால் நுனிக்குப் பக்கத்திலேயே கீழே இழுத்திருக்கலாம். கடைசியாகச் சொன்னது மிகச் சாதாரணமாக நடப்பது. நரம்பை வெளியே எடுக்க வேண்டுமானால் டிராக்கை (எவ்வளவு இழுத்தால் ரீல் நரம்பை விடும் என்று வைக்கும் பிடி) தளர்த்தி, ராடின் நேர்க்கோட்டிலேயே இழுங்கள்.

முறிவு நுனி வளையத்தின் குழாய் முடியும் இடத்தில் சரியாக இருந்தால் காரணம் வேறு. வளையக் குழாயின் விளிம்பு கூராக இருந்து குழலை அறுத்திருக்கிறது, அல்லது பொருந்தாத சின்ன வளையத்தை நுழைப்பதற்காகக் கார்பனைச் சீவியிருக்கிறார்கள். புது வளையம் போடும்போது குழாயின் உள்விளிம்பை நுண் அரத்தால் மழுக்கிவிட்டுப் போடுங்கள்.

மேல் மூன்றில் ஒரு பங்கில், மீனைத் தூக்கும்போது முறிந்தது

மீன் கரைக்கோ படகுக்கோ பக்கத்தில் வந்திருக்கும். ராடு நெட்டுக்குத்தாக, அல்லது தோளுக்குப் பின்னால் சாய்ந்திருக்கும். ராடின் அடிப்பகுதிக்கும் நரம்புக்கும் இடையிலான கோணம் 90 பாகையைத் தாண்டியதும் தடித்த அடிப்பகுதி வேலையை விட்டுவிடும். வளைவெல்லாம் மேலே மெல்லிய பகுதிக்கு ஏறி, வளைவின் ஆரம் சுருங்கும். மேலே போட்ட கணக்கில் கீழே இருக்கும் எண் சிறுத்தால் நீட்சி எகிறும். ராடு எத்தனை விலையானாலும் இதில் தப்பாது.

கோணத்தை 45 முதல் 60 பாகைக்குள் வையுங்கள். பக்கத்தில் வந்த மீனை ராடால் தூக்காமல் வலையால் அள்ளுங்கள், அல்லது நரம்பைக் கையில் பிடித்து எடுங்கள். அந்தக் கடைசி நேரத்தில் ராடின் நீளத்துக்காவது நரம்பு வெளியே இருக்கட்டும்.

டிராக்கையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். நரம்பின் அறுவலிமையில் 25 முதல் 30 சதவீதத்துக்கு டிராக் வைப்பது வழக்கம். ராடில் எழுதியிருக்கும் நரம்பு எடை பெரும்பாலும் நைலானை நினைத்துப் போட்டது. அதே தடிமனில் பிரெய்டு (பின்னல் நரம்பு) போட்டால் அறுவலிமை இரண்டு மூன்று மடங்காகிவிடும். முன்பு நரம்பு அறுந்து ராடைக் காப்பாற்றிய இடத்தில் இப்போது ராடுதான் முறியும். பிரெய்டு போட்டாலும் டிராக்கை ராடில் எழுதியிருக்கும் எடைக்குத்தான் கணக்கிட வேண்டும்.

தூண்டில் முள் பாறையில் சிக்கியிருந்தால் ராடை வளைத்து இழுக்கவே வேண்டாம். ராடை நரம்பின் நேர்க்கோட்டுக்குக் கொண்டுவந்து, நரம்பை ஒரு கட்டையில் நான்கைந்து சுற்று சுற்றி நேராக இழுங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், விடுபடும் ஈயம் தோட்டா வேகத்தில் திரும்பி வரும்.

சின்ன மீனுக்கு, சும்மா வீசியதற்கு முறிந்தது

இது பழைய அடியின் விளைவு. வீசும்போது ஈயக்குண்டு ராடில் தட்டியிருக்கும். படகின் விளிம்பில் விழுந்திருக்கும். கட்டி எடுத்துப் போகும் வழியெல்லாம் பக்கத்து ராடின் கைடு இடித்துக்கொண்டே வந்திருக்கும். மேலே வார்னிஷில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளிதான் தெரியும். உள்ளே இழை அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து, இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் ரெசின் நொறுங்கியிருக்கும். பிரிந்த அடுக்குகள் சேர்ந்து சுமக்காது. ஒவ்வொன்றும் தனித்தனியாக நெளியும். அடி பட்டு வாரங்கள் கழித்து, சுமை குறைவான ஒரு நாளில்கூட அது முறியும்.

முறியும் முன் கண்டுபிடிக்க முடியும். ராடைத் துடைத்து உலர்த்தி, நல்ல வெளிச்சத்தில் இப்படிப் பாருங்கள்:

1. பஞ்சு உருண்டையால் குழலைச் சுற்றிப் பிடித்து, அடியிலிருந்து நுனிவரை மெதுவாக இழுங்கள். பஞ்சு இழை மாட்டும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறியுங்கள்.
2. விளக்கைப் பக்கவாட்டில் வைத்துக் குழலை உருட்டுங்கள். பளபளப்பில் ஒரு பள்ளமோ மங்கிய வட்டமோ தெரிந்தால் அதையும் குறியுங்கள்.
3. சந்தேகமான இடத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து, மிதமாக அழுத்தியபடி குழலைச் சுழற்றுங்கள். நல்ல குழல் எல்லாப் பக்கமும் ஒரே கெட்டியாக இருக்கும். அடிபட்ட பக்கம் விரலுக்கு மெத்தென்று தெரியும்; சில சமயம் சரசரவென்ற மெல்லிய சத்தம் வரும்.
4. நாணயத்தின் விளிம்பால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற சத்தம் ஓரிடத்தில் மட்டும் தொப்பென்று மாறினால் அங்கே அடுக்கு பிரிந்திருக்கிறது.

மூன்றாவதிலும் நான்காவதிலும் ஒரே இடம் சிக்கினால் அந்த ராடை மீனுக்குப் பயன்படுத்த வேண்டாம். மேலே எபாக்ஸிப் பசை பூசினால் பள்ளம் மறையும், பிரிந்த அடுக்கு ஒட்டாது. அந்த இடத்தை முறிந்ததாகவே எண்ணிக்கொண்டு, கடைசிப் பகுதியில் சொல்லியிருக்கிறபடி உறை போட்டுப் பழுதுபாருங்கள்.

முறிந்த முனையைப் படிப்பது

உத்தரவாதத்தில் கேட்பதா, நம் பழக்கத்தை மாற்றுவதா என்று தீர்மானிக்கும் இடம் இது. ஒரு பூதக்கண்ணாடி போதும்.

முதலில் எந்தப் பக்கத்தில் முறிவு தொடங்கியது என்று பாருங்கள். ஸ்பின்னிங் ராடில் (ரீல் கீழே தொங்கும் வகை) கைடுகள் கீழ்ப்பக்கம். ராடு அந்தப் பக்கமாக வளைவதால் கைடு இருக்கும் பக்கம் அமுக்கத்தில் இருக்கும். பெய்ட்காஸ்டர் ராடில் (ரீல் மேலே உட்காரும் வகை) கைடுகள் மேலே. அங்கே கைடு பக்கம் இழுவையில் இருக்கும். அமுக்கப் பக்கத்து முறிவு படிப்படியாக, குட்டையாக, தேய்ந்த மாதிரி இருக்கும். இழுவைப் பக்கத்தில் இழைகள் நீளமாக, தூரிகை மயிர்போல் பிரிந்து நிற்கும். அமுக்கப் பக்கம் குட்டையாகவும் எதிர்ப்பக்கம் நீளச் சிம்பாகவும் இருந்தால் அது சுமை மீறிய முறிவு. முறிவு பக்கவாட்டில், அதாவது வளைவுக்குச் சம்பந்தமே இல்லாத திசையில் தொடங்கி, அங்கே சுத்தமாக வெட்டியதுபோல் இருந்தால் அது அடிபட்ட புண். அந்த இடத்து வார்னிஷில் பெரும்பாலும் ஒரு சில்லு பெயர்ந்திருக்கும்.

குழல் தட்டையாகி, நீளவாக்கில் இரண்டு முதல் நான்கு கோடுகள் பிளந்திருந்தால் கதை வேறு. வளையும் குழல் வட்டமாகவே இருப்பதில்லை. சற்று முட்டை வடிவாகத் தட்டையாகும். இதைத் தடுக்கத்தான் குழலைச் சுற்றிக் குறுக்காக மெல்லிய இழை அடுக்கு ஒன்று போடுகிறார்கள். அது போதாவிட்டால், அல்லது ராடு தாங்கியில் இறுக்கிக் கவ்வி ஏற்கெனவே நசுங்கியிருந்தால், குழல் வளைந்து முறியும் முன்பே நசுங்கிப் பிளக்கும். கவ்விய தடம் இல்லாத இடத்தில், நியாயமான சுமையில் இப்படிப் பிளந்தால் அது தயாரிப்பாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

குழலின் சுவரை நான்கு இடத்தில் காலிப்பரால் அளங்கள். ரெசின் ஊறிய கார்பன் தாளை எஃகுக் கம்பியில் சுற்றித்தான் குழல் செய்கிறார்கள். தாளின் ஓரம் மேலேறும் இடத்தில் கொஞ்சம் தடிமன் கூடுவது இயல்பு. ஒரு பக்கச் சுவர் மறுபக்கத்தில் பாதிதான் இருக்கிறது என்றால் அதிகமாக இழைத்திருக்கிறார்கள், அல்லது சுற்றியது நகர்ந்திருக்கிறது. உள்ளே இழைகள் பளபளப்பின்றி, தனித்தனியாக உதிரும் அளவுக்கு உலர்ந்திருந்தால் ரெசின் போதவில்லை. இழை நேராக ஓடாமல் நெளிந்து மடிந்திருந்தால் அதுவும் தயாரிப்புக் குறைதான். இவற்றைத் தெளிவாகப் படமெடுத்து அனுப்பினால் வெறும் "உடைந்துவிட்டது" என்பதைவிட நல்ல பதில் கிடைக்கும்.

முறிந்த சிம்பை வெறும் விரலால் தடவாதீர்கள். கார்பன் சிம்பு தோலில் ஏறினால் எடுப்பது கஷ்டம்.

இணைப்பில் பிளந்தது, ஆடுகிறது, டக் டக் என்கிறது

இரண்டு துண்டு ராடுகளில் பழுதுகளின் தலைமையகம் இதுதான். ஒன்று இன்னொன்றுக்குள் நுழையும் இடத்தில், வெளியே இருக்கும் துண்டின் வாய் நீளவாக்கில் பிளப்பது வழக்கம். இணைப்பு முழுக்க உட்காராமல் இருந்திருக்கும். 60 மி.மீ. நுழைய வேண்டியது 30 மி.மீ. மட்டும் நுழைந்திருந்தால், அதே வளைவு விசையைப் பாதி நீளத்தில் தாங்க வேண்டும். வாய் விளிம்பில் பக்கவாட்டில் அழுத்தும் விசை இரட்டிப்பாகும். வாயைச் சுற்றியிருக்கும் நூல்கட்டு அந்த அழுத்தத்துக்காகப் போட்டது. அந்தக் கட்டின் எபாக்ஸியில் நீளக் கோடு விழுந்திருந்தால் அடியிலிருக்கும் கார்பனும் பிளக்கத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பொருத்தும் முறை: இரண்டு முனைகளையும் துடைத்து மணல் போக்குங்கள். கைடுகளைக் கால் சுற்று விலக்கி நுழைத்து, தள்ளிக்கொண்டே திருப்பி நேர்க்கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். கையால் வருமளவு இறுக்கம் போதும். வீசிக்கொண்டே இருக்கும்போது இணைப்பு மெல்ல மெல்லக் கழன்று வரும். அரை மணிக்கு ஒருமுறை தள்ளிப் பாருங்கள்.

இணைப்பு தளர்ந்திருந்தால் உள்ளே போகும் முனையில் பாரஃபின் மெழுகை மெல்லியதாகத் தேய்த்து, துணியால் அழுத்தித் துடையுங்கள். அதற்கும் ஆடினால் அந்த முனையில் எபாக்ஸியை மிக மெல்லிய படலமாகப் பூசி, முழுக்க இறுகிய பின் 1000 எண் நீர்த்தாளால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) கொஞ்சங்கொஞ்சமாகத் தேய்த்துப் பொருத்திப் பாருங்கள். வெளித்துண்டின் உள்ளே எதையும் பூச வேண்டாம்.

உள்ளிருந்து தனிக்கட்டை நீட்டிக்கொண்டு வரும் வகை இணைப்பில், பொருத்திய பிறகும் இரண்டு துண்டுகளுக்கும் நடுவே 6 முதல் 12 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். அதைப் பார்த்து "சரியாக உட்காரவில்லை" என்று சுத்தியலால் தட்டுகிறவர்கள் உண்டு. அந்த இடைவெளி தேய்மானத்துக்காக விட்டது. இரண்டு வாயும் முட்டிக்கொண்டால்தான் இணைப்பு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

கழற்ற வரவில்லையா? கைடைப் பிடித்துத் திருகாதீர்கள், கைடின் பாதம் நூல்கட்டைக் கிழித்துக்கொண்டு வரும். ராடை முழங்காலுக்குப் பின்னால் குறுக்காக வைத்து, இணைப்பின் இருபுறமும் பிடித்து, முழங்கால்களை வெளிப்பக்கமாக விரித்து நேர்க்கோட்டில் இழுங்கள். ரப்பர் கையுறை உதவும். அதற்கும் வராவிட்டால் இணைப்பைப் பத்து நிமிடம் பனிக்கட்டியில் வைத்து, வெளித்துண்டை மட்டும் உள்ளங்கையால் சூடேற்றி உடனே இழுத்துப் பாருங்கள். இடுக்கி வேண்டாம்.

வளையும்போது கீச்சுச் சத்தம், இணைப்பு இறுக்கமாகத்தான் இருக்கிறது

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வாருங்கள். ரீலைக் கழற்றிவிட்டு வளைத்துப் பாருங்கள். சத்தம் நின்றால் ரீல் பிடிப்பின் திருகு. பிடிப்பை ஒரு கையாலும் குழலை மறு கையாலும் பிடித்துத் திருகுங்கள். மயிரிழை அசைந்தாலும் உள்ளே பசை விட்டுவிட்டது. அடுத்து ஒவ்வொரு கைடின் பாதத்தையும் நகத்தால் அசைத்துப் பாருங்கள். பாதத்தின் முனையில் எபாக்ஸியில் மெல்லிய வட்டக் கோடு இருப்பது பல ராடுகளில் சாதாரணம்; பாதம் அசைந்தால்தான் பழுது. இவை எதுவும் இல்லாமல் குழலின் நடுவில் சத்தம் வந்தால் மேலே சொன்ன விரல் சோதனைக்குத் திரும்புங்கள்.

ராடு முன்போல இல்லை, தொய்ந்துவிட்டது

கார்பன் இழை வருடக்கணக்கில் வளைந்தாலும் மெல்ல மெல்லத் தளர்ந்துபோகும் பொருள் அல்ல. உண்மையாகவே தொய்ந்திருந்தால் எங்கோ அடுக்கு பிரிந்திருக்கிறது. ஆனால் பெரும்பாலும் மாறியிருப்பது நரம்பு, லூரின் (போலி இரை) எடை, அல்லது கையின் நினைவு. அளந்து பார்த்துவிடுவது நல்லது.

ராடின் அடியில் 300 மி.மீ. நீளத்தை மேசை விளிம்பில் துணி வைத்துக் கிடைமட்டமாகக் கவ்வுங்கள். பின்னால் வெள்ளைச் சுவர் இருக்கட்டும். சுமையில்லாமல் நுனியின் உயரத்தைக் குறியுங்கள். நுனி வளையத்தில் 100 கிராம் தொங்கவிட்டு, ஆட்டம் நின்றபின் எவ்வளவு இறங்கியது என்று அளங்கள். பிறகு 200 கிராம். கனத்த ராடென்றால் நுனி ராடு நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும்வரை எடையைக் கூட்டலாம். எண்களைத் தேதியோடு எழுதி வையுங்கள். புது ராடு வாங்கிய அன்றே இதைச் செய்து வைத்தால் பின்னால் எந்தச் சந்தேகமும் பத்து நிமிடத்தில் தீரும். ஒன்றிரண்டு சதவீத வித்தியாசம் அளவுப் பிழை. பத்து சதவீதம் கூடுதலாக இறங்கினால் பழுதைத் தேடுங்கள்.

எண்ணைவிட வளைவின் வடிவம் இன்னும் தெளிவாகப் பேசும். பக்கவாட்டிலிருந்து படமெடுங்கள். வளைவு சீராக ஓட வேண்டும். இணைப்பில் சற்று நேராகத் தெரிவது இயல்பு, அங்கே சுவர் இரட்டை. வேறெங்காவது சட்டென்று ஒரு முழங்கை தெரிந்தால் பழுது அங்கேதான்.

ராடு கையில் திருகிக்கொள்கிறது

கைடுகள் மேலே உள்ள பெய்ட்காஸ்டர் ராடில் சுமை ஏறும்போது நரம்பு கீழே வரப் பார்க்கும்; ராடு சுழலத் துடிக்கும். இது ஓரளவு எல்லா ராடிலும் உண்டு. அதிகமாக இருந்தால் முதலில் அடியிலிருந்து கண்ணை வைத்துக் கைடுகள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். நுனி வளையம் சற்றே திரும்பியிருந்தாலே போதும், முழு ராடும் திருகும். கார்பன் தாள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் பக்கம் குழலில் சற்று விறைப்பாக இருக்கும். திருகலுக்கு அதைத்தான் முதலில் பழிப்பது வழக்கம். ஆனால் கைடு கோணலைவிட அதன் பங்கு சின்னது. இழையெல்லாம் நீளவாக்கில் மட்டும் ஓடும் மலிவுக் குழலுக்கு முறுக்கைத் தடுக்கும் பலம் குறைவு. 45 பாகையில் குறுக்கிழை போட்ட குழல் முறுக்கை நன்றாகத் தாங்கும். இருக்கும் ராடிலேயே தீர்வு வேண்டுமானால் கைடுகளைச் சுருளாகக் கீழ்ப்பக்கத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுவதுதான்.

தூரம் போகவில்லை, கொத்துவது தெரியவில்லை, மாட்டிய மீன் கழன்றுவிடுகிறது

மூன்றும் பெரும்பாலும் பழுதல்ல, பொருத்தமின்மை. 10 முதல் 30 கிராம் என்று எழுதிய 40 டன் ராடில் 6 கிராம் லூர் கட்டினால் ராடு வளையவே வளையாது; வளையாத ராடு எதையும் எறியாது. எழுதிய வரம்பின் நடுவிலிருந்து சற்று மேலே, அதாவது 20 முதல் 25 கிராமில் வீசிப் பாருங்கள். வீசிய பிறகும் நுனி வெகுநேரம் துடித்துக்கொண்டே இருந்தால் நரம்பு கைடுகளில் அடித்துத் தூரம் குறையும். கனமான கைடுகளை மேல்பகுதியில் கட்டியிருந்தால் அதுதான் காரணம். விறைப்பான கார்பனுக்குக் கொடுத்த பணத்தை நுனியில் ஏற்றிய கிராம்கள் தின்றுவிடும்.

கொத்து தெரியாததற்கு ராடைக் குறை சொல்லும் முன் நரம்பைப் பாருங்கள். நைலான் நன்றாக நீளும், பிரெய்டு மிகக் குறைவாகவே நீளும். நீளமான நைலானுக்குப் பின்னால் எத்தனை டன் ராடு இருந்தாலும் கொத்து கரைந்துதான் வரும்.

மீன் கழல்வது இதற்கு நேர் எதிர். விறைப்பான ராடு, நீளாத பிரெய்டு, மும்முள் லூர் மூன்றும் சேர்ந்தால் மீன் தலையை உதறும் ஒவ்வொரு முறையும் முள் வாயைக் கிழிக்கும். அந்த மாதிரி லூருக்குக் கண்ணாடி இழை கலந்த ராடோ 24 டன் ராடோதான் சரி. இருக்கிற ராடையே பயன்படுத்துவதென்றால் டிராக்கைக் கொஞ்சம் தளர்த்தி, பிரெய்டின் முனையில் ஒன்றிரண்டு மீட்டர் நைலான் தலைப்பு கட்டுங்கள்.

வார்னிஷில் கொப்புளம், கைடு பாதத்தில் பழுப்புக் கோடு

ஈரமான ராடை உறையில் போட்டு மூடிவைத்தால் வார்னிஷில் கொப்புளம் வரும். அழகு கெடுமே தவிர பலம் குறையாது. வெயிலில் மூடிய வாகனத்தில் வைத்தால் குழலுக்கு ஒன்றும் ஆகாது. அது 120 பாகை செல்சியஸுக்கு மேல் சுட்டு இறுக்கியது. கைடு கட்டிய எபாக்ஸி அறை வெப்பத்தில் இறுகியது, 50, 60 பாகையிலேயே இளகும். வளைத்துக் கட்டி வைத்திருந்தால் கைடு நகர்ந்துவிடும்.

பழுப்புக் கோடு துரு. உப்புநீரில் கார்பனும் உலோகமும் தொட்டுக்கொண்டால் மின்கலம்போல் வேலை நடக்கும். கார்பன் தப்பும், உலோகம் அரிக்கும். எஃகுப் பாதமும் அலுமினிய ரீல் பிடிப்பும் இப்படித்தான் போகின்றன. டைட்டானியத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. கடலுக்குப் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். துருவேறிய கைடை எடுக்கும்போது கத்தியைப் பாதத்தின் உலோகத்தின் மேல் மட்டும் ஓட்டி நூலை வெட்டுங்கள். குழலின் மேல் ஒரு கீறல் விழுந்தால் வெட்டுப்படுவது அதிகச் சுமை தாங்கும் வெளி இழைகள்.

பழுதுபார்ப்பது

நுனி முறிந்திருந்தால் சுலபம். பிளந்த பகுதியைத் தாண்டி மறைப்பு நாடா சுற்றி, நுண் அரத்தாலோ வைரத் தகட்டாலோ சுற்றிச் சுற்றி அறுங்கள். வெட்டுக்குறடு குழலை நசுக்கிப் பிளந்துவிடும். தேய்ப்பதெல்லாம் ஈரத்தாளில், முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு. புது விட்டத்துக்குப் பொருந்தும் வளையத்தைச் சூட்டுப்பசையால் ஒட்டுங்கள், எபாக்ஸி வேண்டாம். பின்னால் மாற்ற நேர்ந்தால் இளஞ்சூட்டில் கழன்று வரும். 10 செ.மீ.க்கு மேல் போயிருந்தால் ராடின் குணம் மாறிவிடும்: நுனி விறைக்கும், சின்ன லூர் போகாது.

நடுவில் முறிந்ததை ஒட்ட உள்கட்டையும் வெளியுறையும் இரண்டும் வேண்டும். 10 மி.மீ. குழலுக்கு 80 முதல் 100 மி.மீ. நீளத்தில், பழைய ராடிலிருந்து அறுத்த கார்பன் துண்டு உள்கட்டைக்கு ஏற்றது. இரும்புக் கம்பியோ மரக்குச்சியோ போடாதீர்கள். வளையாத கட்டை முடியும் இடத்தில் மறுபடி முறியும். கட்டையின் இரு முனைகளையும் கூம்பாக இழையுங்கள். மெதுவாக இறுகும் இருபாக எபாக்ஸி பூசி, முறிவின் இருபுறமும் சமமாக நுழைத்து, உருட்டிப் பார்த்து நேர்செய்து 24 மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். பிறகு முறிவிலிருந்து இருபுறமும் 50 மி.மீ. தாண்டும் வெளியுறையைச் செருகி ஒட்டி, உறையின் இரண்டு வாயிலும் 10 மி.மீ. அகலத்துக்கு நூல் கட்டி எபாக்ஸி பூசுங்கள்.

இறுகியதும் மேசையில் கவ்வி, முன்பு எழுதிவைத்த அதே எடையைத் தொங்கவிடுங்கள். உறை இருக்கும் இடம் கொஞ்சம் நேராகத் தெரியும். உறையின் விளிம்பில் சட்டென்று மடிப்பு விழுந்தால் கட்டை மிகக் கெட்டி; உறையின் வாயை இன்னும் மெல்லியதாக இழைத்துவிட்டு மறுபடி தொங்கவிடுங்கள். டிராக்கைப் பழைய அளவில் முக்கால் பங்குக்கு இறக்கி வைத்துக்கொண்டு ராடைப் பயன்படுத்தலாம்.